குழாயில் பிடித்த மிச்சம்

ஓய்வு பெற்ற கணக்கர் ஒருவர் தமது அறுபத்தோராம் வயதில் பந்தய வண்டிக்குச் சேஸிஸ் கட்டப் புகுந்தார் என்றால் கேட்பவர் நகைப்பது இயல்பு. என் உறவினரும் நகைத்தனர். ஒரு நாள் லேக் மார்க்கெட்டில் வாழைப்பூ வாங்கிக்கொண்டிருந்தபொழுது எதிர்ப்பட்ட நண்பர் ஒருவர், "உமக்கு ஏன் ஐயா இந்த வேலை? பேரப்பிள்ளைக்கு நடைவண்டி செய்து கொடுத்தாலாவது பொருத்தமாக இருக்குமே!" என்றார். அன்று அவருக்கு விடை கூற என்னால் இயலவில்லை. நம் சங்கத்து அன்பர்கள் பலரும் அதே வினாவை வெவ்வேறு வகையாகக் கேட்டுவிட்டமையால், அனைவருக்கும் சேர்த்து இங்கே விடை கூற முற்படுகிறேன். இதில் என் பெருமை சிறிது. என் பிழை பெரிது. பெருமையைக் காட்டிலும் பிழையே பிறருக்குப் பயன்படும் என்று கருதியே எழுதுகிறேன்.

கும்பகோணத்தை அடுத்த சிற்றூரில் பிறந்த நான் 1983ஆம் ஆண்டில் பிழைப்பு நாடி இந்நகருக்கு வந்தேன். தனியார் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் முப்பத்தேழு ஆண்டுகள் பணியாற்றி 2020இல் ஓய்வு பெற்றேன். நம்மைப் போன்று ஊர் விட்டு ஊர் வந்து வாழும் குடும்பங்களுக்குச் சிக்கனம் என்பது ஒரு குணம் அன்று; அதுவே முதல். வாடகை கொடுத்து, ஊருக்குப் பணம் அனுப்பி, பிள்ளைகளைப் படிக்க வைத்து, மிஞ்சியதில் இரண்டாண்டுக்கு ஒருமுறை ஊருக்குப் போய்வந்த வாழ்க்கை அது. எந்தப் பொருளைக் கண்டாலும் 'இதைவிடக் குறைந்த விலைக்கு எங்கே கிடைக்கும்?' என்று எண்ணுவது எனக்கு மூச்சு விடுவது போல ஆகிவிட்டது. இந்தப் பழக்கத்தை நான் என்றும் குறை கூறியதில்லை. இன்றும் முற்றிலும் குறை கூறமாட்டேன். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதை எனக்கு ஒரு துண்டுக் குழாய் கற்பித்தது.

என் மகன் எந்திரத் தொழிலில் பட்டயம் பெற்று, ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவன். அடக்கமானவன் என்று பெயர் எடுத்தவன். 2021ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் ஓர் இரவு, மணி இரண்டைக் கடந்த பின்னும் அவன் வீடு திரும்பவில்லை. பின்னர் வந்தான், சட்டையில் இரத்தம். அவனுடைய இரத்தம் அன்று, அவன் நண்பனுடையது. நகரின் புறத்தே ஆளரவமற்ற அகன்ற சாலைகளில் இளைஞர் சிலர் நள்ளிரவில் மோட்டார் சைக்கிளை விரட்டிப் பந்தயம் விடுவதும், அவர்களுள் என் மகனும் ஒருவன் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அந்த நண்பன் தொடை எலும்பு முறிந்து நான்கு மாதம் படுக்கையில் கிடந்தான். உயிர் பிழைத்தது அவன் பெற்றோர் செய்த நல்வினை.

மறுநாள் நான் கோபத்தால் நடுங்கினேன். என் மனைவியோ அழுதுகொண்டே, "இனிப் போகமாட்டேன் என்று சத்தியம் செய்" என்றாள். அவன் தலை குனிந்து, "சத்தியம் செய்கிறேன் அம்மா. ஆனால் அந்த ஆசை போய்விட்டது என்று பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை" என்றான். அந்த ஒரு சொல் என்னைச் சிந்திக்க வைத்தது. பொய்யாகச் சத்தியம் செய்யும் பிள்ளையைவிட, உள்ளதை உள்ளபடி கூறும் பிள்ளையிடம் நம்பிக்கை வைக்க இடம் உண்டு அல்லவா?

அதன்பின் நான் ஓய்வுக்காலப் பொழுதைப் போக்க இந்தப் பந்தயத்தின் வரலாற்றைப் படிக்கலானேன். இரண்டு வண்டிகள் அருகருகே நின்று, விளக்கு மாறிய கணத்தில் புறப்பட்டு, வளைவில்லாத நேர்ப்பாதையில் கால் மைல், அதாவது 1,320 அடி தூரத்தை யார் முதலில் கடப்பது என்று பார்க்கும் ஓட்டத்திற்கு டிராக் பந்தயம் என்று பெயர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில், சிறப்பாகக் கலிபோர்னியாவில், இளைஞர்கள் பழைய கார்களைத் திருத்தித் தெருக்களில் ஓட்டி உயிரை மாய்த்துக்கொண்டிருந்தனர். 1951ஆம் ஆண்டில் வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய ஹாட் ராடு சங்கத்தைத் தோற்றுவித்தார். இளைஞரின் வேகத்தைத் தெருவிலிருந்து அகற்றி, விதிகளும் காவலும் உள்ள ஓடுதளத்திற்கு மாற்றுவதே அவர் நோக்கம். போர்க்காலத்தில் அமைத்து, பின் பயனற்றுக் கிடந்த விமானத் தளங்கள் அதற்கு உதவின.

நம் நாட்டிலும் அதையொத்த வரலாறு உண்டு. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் போர்க்காலத்து விமான ஓடுபாதையில்தான் பல்லாண்டுகள் மோட்டார்ப் பந்தயங்கள் நடைபெற்றன. 1953இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் அவற்றை நடத்தியது. நம் கொல்கத்தாவுக்கு அருகிலும் பாரக்பூர் விமானத் தளத்தில் பந்தயங்கள் நடந்தது உண்டு. தடுத்தால் மறைந்து ஓடுவார்கள். இடம் கொடுத்தால் விதிக்கு அடங்கி ஓடுவார்கள் என்பதே இவ்வரலாற்றின் சாரம் என எனக்குப் பட்டது.

ஆகவே ஒரு நாள் மகனை அழைத்து, "தம்பி, நீ ஓட விரும்பினால் ஓட வேண்டிய இடத்தில் ஓடு. அதற்கு ஒரு வண்டி கட்டு. நான் உதவுகிறேன்" என்றேன். மூன்று நிபந்தனைகள் விதித்தேன். பொதுச் சாலையில் இனி ஒரு நாளும் பந்தயம் கூடாது. பரிசோதகர் பார்த்து ஒப்பிய பின்னரே வண்டி ஓட வேண்டும். செலவு ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் ரூபாயைத் தாண்டக் கூடாது. அவன் முகத்தில் அன்று கண்ட ஒளியை அவன் பள்ளியிறுதித் தேர்வில் வெற்றி பெற்ற நாளிலும் நான் கண்டதில்லை.

அம்பாசிடர் வண்டியின் எந்திரத்தையும் பின் அச்சையும் கொண்டு வண்டியைக் கட்டுவது என்று அவன் முடிவு செய்தான். ஊக்ளி ஆற்றின் மேற்கரையில் உத்தரபாராவில் பிறந்த அவ்வண்டியை அறியாதவர் நம்முள் யார்? 2014ஆம் ஆண்டில் அதன் உற்பத்தி நின்றுவிட்டாலும், அதன் உறுப்புகளுக்கு இந்நகரில் பஞ்சமில்லை. ஆயினும் அம்பாசிடருக்கு லாரியைப் போலத் தனியே கழற்றி எடுக்கத்தக்க சேஸிஸ் கிடையாது. உடற்கூடும் அடிச்சட்டமும் ஒன்றாக இணைந்த அமைப்பு அது. உடலை நீக்கினால் சட்டமும் போய்விடும். ஏறத்தாழ 1,100 கிலோ எடையுள்ள அந்த உடலோடு ஓடினால் வேகம் எங்கிருந்து வரும்? ஒரே விசை பாதி எடையைத் தள்ளினால் முடுக்கம் இருமடங்காகும் என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த நியூட்டன் விதி. எனவே எந்திரத்தையும் அச்சையும் மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றைத் தாங்கவும் ஓட்டுபவனைக் காக்கவும் குழாய்களால் ஒரு புதிய கூட்டைக் கட்ட வேண்டும். அதுவே இக்கதையின் சேஸிஸ்.

பார்க் தெருவும் ஆசாரிய ஜகதீச சந்திர போஸ் சாலையும் கூடும் இடத்தில் உள்ள மல்லிக் பஜாருக்கு நானும் அவனும் ஞாயிறுதோறும் சென்றோம். கழற்றிப் போட்ட எந்திரங்களும், கண்ணாடிகளும், கதவுகளும் மலைபோல் குவிந்து கிடக்கும் அவ்விடத்தில் என் விலை பேசும் திறமை நன்கு பயன்பட்டது. 1817 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள இசூசு பெட்ரோல் எந்திரம் ஒன்று, பல்சக்கரப் பெட்டியுடன், நாற்பத்தையாயிரத்தில் தொடங்கி முப்பத்தீராயிரத்தில் முடிந்தது. கடைக்காரர் என்னைப் பார்த்து வங்காளியில், "தாதா, நீங்கள் கணக்கெழுதும் வேலை பார்த்தவரா?" என்று கேட்டார். நான் மகிழ்ந்து போனேன். அந்த மகிழ்ச்சிதான் பின்னர் என்னைக் கெடுத்தது.

என் உள்ளத்துக்கு ஊக்கம் தந்த பெயர் ஒன்றையும் இங்கே கூற வேண்டும். கோயம்புத்தூர் இலட்சுமி ஆலைக் குடும்பத்தைச் சேர்ந்த கரிவரதன், 1988ஆம் ஆண்டில் மாருதி 800 காரின் எந்திரத்தையும் உறுப்புகளையும் கொண்டு ஒற்றையாசனப் பந்தய வண்டி ஒன்றை உருவாக்கினார். வெளிநாட்டிலிருந்து பந்தய வண்டி தருவிக்கச் செல்வரால் மட்டுமே இயன்ற அக்காலத்தில், தெருவில் ஓடும் 796 கன சென்டிமீட்டர்க் குடும்ப வண்டியின் எந்திரமே பந்தயத்துக்குப் போதும் என்று அவர் காட்டினார். 1995இல் விமான விபத்தில் அவர் மறைந்தார். ஆயினும் அவர் வகுத்த அந்தச் சிறு வண்டியில் பந்தயம் பழகிய நாராயண் கார்த்திகேயன், 2005ஆம் ஆண்டில் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் ஆனார். கோவை செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தளம் கரிவரதன் பெயரையே தாங்கி நிற்கிறது. குறைந்த பொருளில் நல்ல வண்டி கட்டலாம் என்பதற்குத் தமிழர் தந்த சான்று இது. இச்சான்றை நான் பாதியளவே புரிந்துகொண்டேன் என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

மகன் தந்த மதிப்பீடு ஒரு இலட்சத்து ஐம்பத்தையாயிரம் ரூபாய். நான் சிவப்பு மையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எந்திரமும் பல்சக்கரப் பெட்டியும் 32,000. பின் அச்சு, தடை, திருப்புச் சக்கரம் ஆகியவை 18,000. சக்கரமும் டயரும் 22,000. பற்றவைப்பு, கடைசல் கூலி 25,000. இருக்கை, வார், தலைக்கவசம், தீயணைப்பான் 21,000. சில்லறை 10,000. இவற்றில் எதையும் குறைக்க வழியில்லை. எஞ்சியது குழாய், அதற்கு அவன் இட்ட தொகை 27,000. 'குழாய்க்கு இவ்வளவா? குழாய் குழாய்தானே!' என்று எண்ணி, அதை அடித்து 12,000 என்று எழுதினேன். கூட்டினால் சரியாக ஒரு இலட்சத்து நாற்பதாயிரம். அவன் அந்தத் தாளைச் சற்று நேரம் பார்த்தான், ஒன்றும் கூறவில்லை. அந்த மௌனத்தை நான் ஒப்புதல் என்று கொண்டேன்.

பன்னீராயிரத்திற்கு நான் வாங்கித் தந்தவை, இடித்த கட்டடம் ஒன்றிலிருந்து வந்த நாகம் பூசிய பழைய தண்ணீர்க் குழாய்கள். வெளியே பளபளவென்று இருந்தன. எங்கள் பேட்டைப் பற்றவைப்புக்காரர் ஒருவர் ஒன்பதாயிரம் ரூபாய் கூலிக்கு மூன்று வாரத்தில் கூட்டைக் கட்டி முடித்தார். சிவப்பு வர்ணம் அடித்து நிறுத்தியபோது அது உண்மையில் அழகாகவே இருந்தது. நண்பர்கள் வந்து பார்த்தனர். நானும் ஒவ்வொருவரிடமும், "பதினைந்தாயிரம் மிச்சம் பிடித்தேன்" என்று கூறி மகிழ்ந்தேன்.

பின் அச்சைப் பொருத்தும் தாங்கிகளைக் கடைந்து அமைக்கத் தேர்ந்த கை வேண்டியிருந்தது. ஆகவே 2021 நவம்பரில் சிறு லாரி ஒன்றில் அந்தக் கூட்டை ஏற்றி, வித்யாசாகர் பாலத்தைக் கடந்து, ஹவுராவில் பெலிலியஸ் சாலைப் பக்கம் உள்ள ஒரு பட்டறைக்குக் கொண்டு சென்றோம். கடைசல் பொறிகளின் ஓசை ஓயாத பகுதி அது. அங்கே எழுபதை எட்டிய ஒரு மிஸ்திரி இருந்தார். அவர் கூட்டை ஒருமுறை சுற்றி வந்தார். விரலால் தட்டிப் பார்த்தார். இணைப்புகளைக் குனிந்து நோக்கினார். பிறகு, "இதன் உள்ளே உட்காரப் போவது யார்?" என்று கேட்டார். நான் மகனைக் காட்டினேன். "அப்படியானால் நான் இதைத் தொடமாட்டேன்" என்றார்.

எனக்குச் சினம் மூண்டது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. மிஞ்சிய குழாய்த் துண்டுகள் இரண்டை எங்களிடம் வாங்கி, மேலே இருந்த நாகப் பூச்சை இணைப்பிடத்தில் தேய்த்து எடுத்தார். "இந்தப் பூச்சோடு பற்றவைத்தால் எழும் புகை காய்ச்சலைக் கொடுக்கும், இணைப்பும் நுரைத்துப்போகும். உங்கள் ஆள் அதைக்கூட எடுக்கவில்லை" என்றார். இரண்டு துண்டுகளையும் செங்குத்தாக வைத்துச் செம்மையாகப் பற்றவைத்தார். ஆறிய பின் ஒன்றை வைஸில் இறுக்கி, மற்றொன்றின் மேல் நீண்ட கம்பிக் குழாயை நெம்புகோலாகச் செருகி, தம் உடல் எடையை அதன்மேல் சாய்த்தார். 'படக்' என்று ஓசை கேட்டது. இணைப்பு நின்றது, இணைப்பை ஒட்டியிருந்த குழாய் தாள்போலக் கிழிந்து கையோடு வந்துவிட்டது. கிழிந்த வாயை என்னிடம் காட்டினார். உட்புறம் முழுவதும் துரு தின்று, முட்டை ஓடு போல மெலிந்திருந்தது.

பின்னர்த் தம் பட்டறையில் இருந்த தையலற்ற உருக்குக் குழாய்த் துண்டுகளை அதே வகையில் பற்றவைத்து, அதே நெம்புகோலை இட்டுச் சாய்ந்தார். அது வளைந்தது, வளைந்ததே அன்றி விடவில்லை. "தாதா, வண்டி கவிழும்போது இரும்பு வளையலாம். பிள்ளையை விடக் கூடாது" என்றார்.

நான் அங்கிருந்த மரப்பலகையில் உட்கார்ந்துவிட்டேன். நடுத்தெருவில் சாகாமல் இருக்கட்டும் என்று என் பிள்ளையை அழைத்து வந்தேன். அழைத்து வந்து, என் கையாலேயே அவனுக்குப் பாதுகாப்பற்ற கூண்டு ஒன்றைக் கட்டிக் கொடுத்திருக்கிறேன்! பதினைந்தாயிரம் மிச்சம் பிடிக்கப் போய்க் குழாய்க்குப் பன்னீராயிரமும் கூலிக்கு ஒன்பதாயிரமும் ஆக இருபத்தோராயிரம் இழந்தேன். ஆனால் அந்தக் கணக்கு அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. திரும்பும் வழியில் மகனிடம், "குழாய் இத்தகையது என்று உனக்குத் தெரியாதா?" என்று கேட்டேன்.

"தெரியும் அப்பா" என்றான்.

"தெரிந்துமா வாய் திறக்கவில்லை?"

"பணம் உங்களுடையது. அந்த இரவுக்குப் பிறகு நீங்கள் என்னை மன்னித்ததே பெரிது. அதற்குமேல் உங்களிடம் ஒன்றை எப்படி அப்பா கேட்பேன்?"

அன்பர்களே, அறிந்தவன் வாயைப் பணம் கொடுப்பவன் அடைத்துவிடுகிறான் என்பதை முப்பத்தேழு ஆண்டு அலுவலக வாழ்க்கையில் நான் பலமுறை கண்டிருக்கிறேன். அக்குற்றத்தை என் வீட்டிலேயே நான் செய்வேன் என்று நினைத்ததில்லை. அன்று இரவு அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். தந்தை மகனிடம் மன்னிப்புக் கேட்பது நம் வழக்கில் இல்லை என்பர். வழக்கில் இல்லாத பிழையைச் செய்தவன் வழக்கில் இல்லாத கழுவாயைத் தேடுவதில் தவறில்லை.

இனித் தையலற்ற குழாய்க்கு 27,000. மீண்டும் கூலி 9,000. ஆக இன்னும் முப்பத்தாறாயிரம் வேண்டும். வீட்டில் முப்பத்தெட்டாயிரம் இருந்தது. அது ஊருக்குப் போவதற்காகச் சேர்த்த பணம். கொள்ளை நோயின் காரணமாக நாங்கள் ஊருக்குப் போய் மூன்றாண்டு ஆகிவிட்டது. என் தாயாருக்கு வயது எண்பத்தாறு. குற்ற உணர்வு மேலிட்டு, அந்தப் பணத்தை எடுத்து மகன் முன் வைத்தேன். அவன் தொடவில்லை. என் மனைவிதான் தீர்ப்பளித்தாள்: "ஊருக்குப் போகும் பணம் ஊருக்குப் போகட்டும். கிழவி காத்திருக்க முடியாது, இரும்பு காத்திருக்கும்."

மிஸ்திரியிடம் இதைக் கூறியபோது அவர் தலையசைத்து, "சரியான பேச்சு. காசு இல்லாதவன் அவசரப்படக் கூடாது" என்றார். இவ்விருவர் சொல்லையும் இணைத்துப் பார்த்தபோதுதான் சிக்கனத்தின் இலக்கணம் எனக்கு விளங்கிற்று. பணக்காரன் பணம் கொடுத்துக் காலத்தை வாங்குகிறான். நம்மிடம் பணம் இல்லை. ஆனால் காலம் இருக்கிறது. காலத்தைக் கொடுத்து நல்ல பொருளை வாங்குவதே நமக்கு உரிய சிக்கனம். உயிரைத் தாங்கும் பொருளில் கை வைப்பது சிக்கனம் அன்று, அது கடன். அக்கடனை நாம் அடைப்பதில்லை. நம் பிள்ளைகள் அடைக்கிறார்கள். கரிவரதனார் காட்டிய வழியும் இதுவே. எந்திரத்தை ஊரில் கிடைப்பதிலிருந்து எடுக்கலாம். ஆனால் புதிதாகச் செய்ய வேண்டியதைப் புதிதாகவே செய்ய வேண்டும்.

2022 மே மாதம் ஊருக்குச் சென்று தாயாரைக் கண்டு வந்தோம். அவர் பேரனுக்குத் தம் கையால் அடை சுட்டுக் கொடுத்தார். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், மார்ச் முதலே, திங்கள்தோறும் மூவாயிரம் ரூபாய் தனியே எடுத்து வைக்கத் தொடங்கியிருந்தோம். முப்பத்தாறாயிரம் சேரப் பன்னிரண்டு திங்கள் பிடித்தது. அந்தப் பன்னிரண்டு திங்களும் வீண் போகவில்லை. துர்க்கா பூசைப் பந்தல் கட்டுவோரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நான்கு மூங்கிலை நாற்சதுரமாகக் கட்டினால் கையால் தள்ளியவுடன் சாய்கிறது. குறுக்கே ஒரு மூங்கிலைச் சாய்த்துக் கட்டினால் அசையாமல் நிற்கிறது. சதுரம் சாயும், முக்கோணம் சாயாது என்பதே குழாய்க் கூட்டின் முதற்பாடம். பூசை முடிந்து பந்தல் பிரித்தபோது மிகக் குறைந்த விலைக்கு மூங்கில்களை வாங்கி, மொட்டைமாடியில் முழு அளவில் வண்டியின் கூட்டைக் கட்டிப் பார்த்தான் மகன். உள்ளே உட்கார்ந்தான். முழங்கால் ஒரு குறுக்குச் சட்டத்தில் இடித்தது. தலைக்கவசம் அணிந்தபோது மேல் வளைவுக்கும் தலைக்கும் இடையே இரண்டு விரல் இடமே இருந்தது. அவ்விரண்டு பிழைகளும் இரும்பில் நேர்ந்திருந்தால் எத்தனை ஆயிரம் போயிருக்கும்! மூங்கிலில் கயிற்றை அவிழ்த்துக் கட்டியதோடு தீர்ந்தது.

அக்காலத்தில் அவன் எனக்கும் ஆசிரியன் ஆனான். வண்டி சட்டென்று புறப்படும்போது பாரம் பின்னோக்கிச் சாய்ந்து பின் சக்கரங்களை அழுத்துகிறது, பிடிப்பு மிகுகிறது. அதனால்தான் 1954இல் மிக்கி தாம்சன் என்ற அமெரிக்கர், ஓட்டுபவரையே பின் அச்சுக்கும் பின்னால் உட்கார வைத்த வண்டியைக் கட்டினார். கவண் போன்ற அமைப்பு என்று அதற்குப் பெயர். அந்த அமைப்பில் எந்திரமும் பல்சக்கரமும் ஓட்டுநரின் முன்னேயும் காலடியிலும் இருந்தன. 1970இல் டான் கார்லிட்ஸ் என்ற புகழ்பெற்ற ஓட்டுநரின் பல்சக்கரப் பெட்டி வெடித்து, அவர் வலப் பாதத்தின் ஒரு பகுதி துண்டாயிற்று. மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தபடியே எந்திரத்தை முதுகுக்குப் பின்னே வைக்கும் வண்டியைச் சிந்தித்து, 1971இல் அதனைக் கட்டி வெற்றியும் கண்டார். இத்துறையின் விதிகள் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் சிந்திய இரத்தத்தால் எழுதப்பட்டவை என்று அறிந்தபோது, விதிநூலை நான் பயபக்தியோடு படிக்கலானேன். ஓட்டுநர் தலைக்குப் பின் நிற்கும் முதன்மை வளைவுக்கு, தையலின்றிக் குளிர்நிலையில் இழுத்த உருக்குக் குழாய், குறைந்தது 45 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மில்லிமீட்டர்ச் சுவரும் உடையதாக இருக்க வேண்டும் என்று பன்னாட்டு மோட்டார்ச் சம்மேளனத்தின் விதி கூறுகிறது. நான் சிவப்பு மையால் அடித்த எண்ணுக்குள் இந்த விதி ஒளிந்திருந்தது!

2023 மார்ச்சில் நல்ல குழாய் வாங்கினோம். இம்முறை ஹவுரா மிஸ்திரியின் கையாலேயே வேலை நடந்தது. மகன் விடுமுறை தோறும் எடுபிடியாக நின்று கூலியில் ஒரு பகுதியைக் குறைத்தான். தரையில் இரண்டு கனத்த இரும்பு உத்திரங்களை இட்டு, ரசமட்டம் வைத்து மட்டம் பார்த்து, அவற்றின்மேல் கூட்டை அமைத்தனர். மூலைவிட்டங்களை நூலால் அளப்பது என் பணி. இரண்டும் ஒத்திருந்தால்தான் சட்டம் கோணாமல் இருக்கிறது என்று பொருள். கணக்கனுக்கு ஏற்ற வேலை! ஒரு குழாய் மற்றொன்றின்மேல் பொருந்தும் இடத்தில் அதன் முனையை மீன்வாய் போல வளைவாக வெட்டுகிறார்கள். இடைவெளியின்றிப் பொருந்தினால்தான் இணைப்பு வலுவாகும். "மீன்வாய் சரியாக அமைய வேண்டுமென்றால் வங்காளியிடம்தான் வர வேண்டும்" என்று மிஸ்திரி நகைத்தார். முதலில் எல்லா இணைப்புகளையும் சிறு பொட்டுகளாக மட்டும் பற்றவைத்து, மீண்டும் அளந்து, அதன் பின்னரே இடம் ஒருமுறை வலம் ஒருமுறை என மாறி மாறி முழுமையாகப் பற்றவைத்தனர். ஒரே பக்கம் சூடேறினால் சட்டம் அந்தப் பக்கமே இழுத்துக்கொள்ளும். அவசரக்காரர் கட்டிய எங்கள் முதற்கூடு ஒரு விரற்கடை கோணியிருந்தது என்பதையும் அப்போதுதான் அளந்து அறிந்தேன்.

அவ்வாண்டு விசுவகர்மா பூசையன்று கூடு முடிந்தது. நாம் நவராத்திரியில் கருவிகளுக்குச் சந்தனமும் குங்குமமும் இடுகிறோம். வங்காளத்துப் பட்டறைகள் செப்டம்பர் நடுவில் விசுவகர்மாவை எழுந்தருளச் செய்து கருவிகளை வணங்குகின்றன. வானமெங்கும் பட்டம் பறக்கிறது. அன்று மிஸ்திரி கூட்டுக்குப் பொட்டு இட்டார். என் மனைவி வீட்டிலிருந்து கொண்டு சென்ற சுண்டலை அங்கிருந்த தொழிலாளர் அனைவரும் உண்டனர். அடுத்த மாதம் ஆயுத பூசையன்று நாங்கள் மீண்டும் பொட்டு இட்டோம். இரண்டு நாட்டுப் பூசையும் பெற்ற இரும்பு அது.

எந்திரம் ஏற்றி, தடையும் வாரும் பூட்டி முடிக்க மேலும் ஓராண்டு சென்றது. 2025இன் தொடக்கத்தில், அனுமதி பெற்று மூடப்பட்ட ஓர் ஓடுதளத்திற்கு, சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பும் லாரியில் பாதி வாடகைக்கு ஏற்றிச் சென்றோம். பரிசோதகர் இணைப்பு ஒவ்வொன்றையும் விளக்கு பிடித்துப் பார்த்தார், குழாயின் தடிப்பை அளந்தார், கையெழுத்திட்டார். என் வாழ்நாளில் எத்தனையோ தணிக்கைகளில் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். எதற்கும் என் நெஞ்சு அவ்வாறு துடித்ததில்லை.

வண்டி கால் மைலை 16.4 வினாடியில் கடந்தது. அறிந்தவர் கேட்டால் இது பெரிய வேகமே அன்று. அமெரிக்காவின் முதல்தர வண்டிகள் ஆயிரம் அடித் தடத்தை நான்கு வினாடிக்கும் குறைவில் கடந்துவிடுகின்றன. அன்று எங்களோடு ஓடியவற்றுள் எங்கள் வண்டி கடைசிக்கு முந்தையது. ஏறத்தாழ நான்காண்டு உழைப்பு, பதினாறு வினாடி ஓட்டம்! ஆயினும் ஓட்டம் முடிந்து வண்டி நின்று, மகன் வாரை அவிழ்த்துத் தன் கால்களால் நடந்து வந்து, "அப்பா, ஒரு முறை கூட ஆடவில்லை" என்றபோது, அந்த நடையைக் காட்டிலும் பெரிய பரிசு எனக்குத் தோன்றவில்லை. தொடை முறிந்த அந்தப் பழைய நண்பனும் அன்று சற்றே சாய்ந்த நடையோடு எங்களுடன் வந்து, சக்கரத்துக்குக் காற்றுப் பிடித்துக் கொடுத்தான். இப்போது அவர்கள் எவரும் இரவில் சாலைக்குச் செல்வதில்லை.

லேக் மார்க்கெட்டில் என்னை வினவிய நண்பருக்கு இப்போது விடை கூறுகிறேன். ஐயா, நான் வண்டி கட்டவில்லை. என் பிள்ளை என்னிடம் வாய் திறந்து பேசும் ஓர் இடத்தைக் கட்டினேன். அதை முதலில் மலிவான குழாயால் கட்டினேன், அது கிழிந்தது. பிறகு பொறுமையால் கட்டினேன், நின்றது. வேற்றூரில் வாழும் நாம் சிக்கனத்தை விடலாகாது. அரிசியிலும் துணியிலும் வாடகையிலும் அதைக் கையாள்வோம். ஆனால் நம் பிள்ளைகளைத் தாங்கும் பொருள் எதுவோ, அது வண்டியாயினும் கல்வியாயினும் நம்பிக்கையாயினும், அங்கே சிவப்பு மையை எடுக்குமுன் அவர்களை ஒருமுறை கேட்போம்.

மிஸ்திரி கிழித்துக் காட்டிய அந்தப் பழைய குழாய்த் துண்டு இன்றும் என் மேசைமேல் இருக்கிறது. வரவு செலவு எழுதும்போது தாள் பறக்காமல் இருக்க அதைத்தான் வைக்கிறேன்.